தம்பிக்கு எழுத்துக் கற்பிப்பவர் யார்?

2018ஆம் ஆண்டில் சுவராஜ் தீவு எனப் பெயர் மாற்றம் பெற்ற ஹேவ்லாக் தீவில் வங்க மொழி பேசும் குடும்பங்களே மிகுதி. அவற்றினிடையே வளரும் தமிழ்க் குழந்தை, வீட்டில் கேட்டுக் கேட்டே தமிழைப் பேசிவிடும். எழுத்தோ கேட்டு வருவதன்று. ஒருவர் அருகிருந்து கற்பித்தால்தான் வரும். படகுத்துறையிலும் விடுதியிலும் கடையிலும் உழைக்கும் பெற்றோருக்கு அதற்கு நேரம் கிடைப்பது அரிது. ஆகவே, தமிழைப் பாடமாகக் கற்கும் மூத்த பிள்ளைகளாகிய நீங்களே உங்கள் தம்பி தங்கையர்க்கு எழுத்துக் கற்பிக்க வேண்டும் என்பது என் கருத்து.

‘நாங்களே மாணவர்கள், எங்களால் இயலுமா?’ என்று நீங்கள் கேட்கலாம். இயலும் என்பதற்கு வரலாற்றுச் சான்று உண்டு. ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஆண்ட்ரூ பெல் என்பவர், 1789ஆம் ஆண்டு முதல் சென்னை எழும்பூரில் படைவீரர்களின் பிள்ளைகளுக்கான ஆதரவற்றோர் பள்ளியை மேற்பார்வையிட்டு வந்தார். அக்காலத்தில் ஓர் உள்ளூர்ப் பள்ளியில் சிறுவர்கள் தரையில் அமர்ந்து, மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டார். அம்முறையைத் தம் பள்ளியிலும் கொண்டுவர விரும்பினார். ஆசிரியர்கள் அதற்கு இசையவில்லை. எனவே, எட்டு வயதுச் சிறுவன் ஒருவனிடமே சிறுவர் வகுப்பை ஒப்படைத்தார். அவன் நன்றாகவே கற்பித்தான். பெல் இதனை 1797ஆம் ஆண்டில் இலண்டனில் நூலாக வெளியிட்டார். மூத்தோர் இளையோர்க்குக் கற்பிக்கும் அம்முறை ‘மதராஸ் முறை’ என்னும் பெயரால் இங்கிலாந்துப் பள்ளிகளிலும் பரவியது.

மணலில் எழுதுவதால் நன்மைகள் பல. சிறு குழந்தையின் விரல்கள் பென்சிலைப் பிடிக்க இன்னும் உரம் பெறவில்லை. மணலிலோ கை முழுவதும் அசைந்து, எழுத்தின் போக்கை உணர்கிறது. பிழையானால் ஒரு தடவலில் அழிந்துவிடும், அச்சமும் இல்லை. விசயதசமியன்று குழந்தையின் விரலைப் பிடித்து அரிசியில் எழுதச் செய்வது நம் வழக்கம். அதனை ஒரு நாளோடு நிறுத்தாமல் நாள்தோறும் தொடரலாம். கடற்கரைக்குச் செல்லும்போது மணலில் எழுதுங்கள். வீட்டில் ஒரு தட்டில் அரிசி பரப்பினால் போதும்.

எங்கிருந்து தொடங்குவது? தமிழ் எழுத்துகள் 247 என்று கூறிக் குழந்தையை மிரட்டாதீர்கள். ‘அ’ என்னும் எழுத்தில் சுழியும் வளைவும் மிகுதி. ‘ட’, ‘ப’ ஆகியவை நேர்கோடுகளால் ஆனவை; ‘ம’ என்பதில் ஒரு வளைவே கூடும். இம்மூன்றையும் புள்ளியையும் அறிந்தால் படம், மடம், பட்டம், மட்டம் ஆகிய சொற்களை எழுதிவிடலாம். தானே எழுதிய சொல்லுக்குப் பொருள் உண்டு என்று அறியும் குழந்தை, அடுத்த எழுத்தைத் தானே கேட்கும். எழுதும்போது ஒலியையும் உரக்கச் சொல்லச் செய்யுங்கள். அழகிய கையெழுத்துப் பின்னர் வரும். முதலில் வேண்டுவது துணிவு.

‘கைப்பேசியில் ஆங்கில எழுத்துகளைக் கொண்டே தமிழை எழுதிவிடலாமே’ என்பர் சிலர். செய்தி அனுப்ப அது பயன்படுவது உண்மையே. ஆனால், அவ்வாறு எழுதும்போது ‘பள்ளி’யும் ‘பல்லி’யும் ஒன்றாகிவிடுகின்றன, ‘மனம்’, ‘மணம்’ என்பவற்றுக்கும் வேறுபாடு தெரிவதில்லை. கையால் தமிழில் எழுதுபவரோ எந்த ‘ல’, எந்த ‘ன’ என்று ஒவ்வொரு முறையும் தாமே தேர்ந்தாக வேண்டும். அத்தேர்வினால்தான் நாவும் செவியும் திருந்துகின்றன.

ஒரு தலைமுறை எழுதாது விட்டால், அடுத்த தலைமுறை படிக்கவும் அறியாது. ஊரிலிருந்து பாட்டி எழுதும் மடல் வீட்டில் எவர்க்கும் விளங்காத தாளாகிவிடும். நாளொன்றுக்குப் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். இன்று மாலையே தட்டில் அரிசியைப் பரப்பி, ‘ட’ என்று எழுதிக் காட்டுங்கள்.