கிலோமீட்டருக்குப் பதினைந்து பைசாவாம்! அடக்க விலை எங்கே?



நம் குழுக்களில் ஒரு படம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. ஒரு பக்கம் பெட்ரோல் ஸ்கூட்டர், கிலோமீட்டருக்கு இரண்டேகால் ரூபாய். மறுபக்கம் பேட்டரி ஸ்கூட்டர், கிலோமீட்டருக்கு 15 பைசா. கீழே பெரிய எழுத்தில் "இன்னுமா யோசிக்கிறீர்கள்?" என்று ஒரு கேள்வி.

ஆமாம், யோசிக்கத்தான் வேண்டும். இந்தப் படத்தை நம்பி காட்டுப்பள்ளியிலும் பழவேற்காட்டிலும் நம் பிள்ளைகள் கடன் தாளில் கையெழுத்துப் போடுகிறார்கள். மூன்று வருடம் இ.எம்.ஐ. கட்டப்போவது படத்தை அனுப்பியவர் இல்லை. அதனால்தான் எழுதுகிறேன். கொஞ்சம் நீளம், கணக்கும் வரும். பேப்பரும் பேனாவும் எடுத்துக்கொண்டு உட்காருங்கள்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பேட்டரி வண்டி வாங்காதே என்று நான் சொல்லவில்லை. சிலருக்கு அது நல்ல லாபம், சிலருக்குப் பெரிய நட்டம். யாருக்கு எது என்பதை மறைத்து, எல்லோருக்கும் ஒரே வரியில் கணக்குச் சொல்கிறார்களே, அதைத்தான் எதிர்க்கிறேன்.

லாப நட்டக் கணக்கில் முதல் வரியே என்ன? அடக்க விலை என்பது வாங்கிய விலையும் அதன்மேல் ஆன மற்றச் செலவுகளும் சேர்ந்தது. பழைய சைக்கிளை வாங்கி டயர் மாற்றினால் டயரின் விலையும் அடக்க விலையில் சேரும். சேர்க்காமல் விட்டால் விடை தப்பு, மதிப்பெண் கிடையாது. இன்று நாடு முழுவதும் டயரை விட்டுவிட்டுக் கணக்குப் போட்டு, அதற்கு விளம்பரம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

நம் ஊர்க் கணக்கிலேயே சொல்கிறேன். கடலுக்குப் போய்வந்து மீனை விற்றதும் டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவைக் கழிக்கிறோம். மிச்சத்தை ஆட்களுக்கு மட்டுமா பிரிக்கிறோம்? போட்டுக்கும் வலைக்கும் பங்கு எடுத்து வைக்கிறோம். ஏன்? போட்டு சோறு தின்னுமா? வலை ஒருநாள் கிழியும், போட்டு ஒருநாள் பழசாகும், அன்றைக்குக் கையில் காசு வேண்டும் என்பதால். எழுதப் படிக்கத் தெரியாத நம் பாட்டன்மார் போட்ட கணக்கு இது. பட்டம் வாங்கிய நாம், பேட்டரிக்கு ஒரு பங்கு எடுத்து வைக்க மறந்துவிடுகிறோம்.

சரி, கரண்டிலிருந்து தொடங்குவோம்.

மூன்று யூனிட் கொள்ளளவுள்ள பேட்டரி ஸ்கூட்டர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். சார்ஜ் ஏறும்போது கொஞ்சம் கரண்ட் சூடாகி வீணாகும். அதையும் சேர்த்தால், மீட்டரில் ஓடும் ஒரு யூனிட்டுக்கு 25 கி.மீ. என்று வைக்கலாம். மாதம் 1,000 கி.மீ. ஓட்டினால் இரண்டு மாதத்துக்கு 80 யூனிட்.

நம் மின்கட்டணம் ஏறுபடிக் கட்டணம். 2024 ஜூலையில் திருத்திய கட்டணத்தை வைத்துப் பார்ப்போம். இரண்டு மாதத்தில் முதல் 100 யூனிட் இலவசம். 200 வரை யூனிட்டுக்கு 2.35, 400 வரை 4.70, 500 வரை 6.30. மொத்தம் 500-ஐத் தாண்டிவிட்டால் அந்த 2.35 சலுகை போய்விடும். 101-லிருந்தே 4.70 ஆகிவிடும், 500-க்கு மேல் 8.40.

இரண்டு மாதத்துக்கு 180 யூனிட் ஓடும் வீட்டில் இந்த வண்டி வந்தால் 260 ஆகும். கூடுதல் பில் 329 ரூபாய். 2,000 கி.மீ.க்கு வகுத்தால் 16 பைசா. படத்தில் சொன்னது ஏறக்குறைய சரிதான்.

ஏ.சி. ஓடும் வீடு, ஏற்கெனவே 450 யூனிட். வண்டி வந்ததும் 530. பழைய பில் 1,490, புதிய பில் 2,292. கூடுதல் 802 ரூபாய். கிலோமீட்டருக்கு 40 பைசா. அதே வண்டி, அதே சாலை, வீடு மட்டும் வேறு. விளம்பரத்தில் யாருடைய வீட்டைச் சொன்னார்கள்?

ஆனால் 40 பைசாவே ஆனாலும் பெட்ரோலைவிட மிகக் குறைவு, சந்தேகமே இல்லை. பெட்ரோல் லிட்டர் 101 ரூபாய், லிட்டருக்கு 45 கி.மீ. என்று வைத்தால் கிலோமீட்டருக்கு 2.24 ரூபாய் ஆகிறது. கரண்டை மட்டும் பார்த்தால் பேட்டரி வண்டிதான் ஜெயிக்கும். படம் அந்த இடத்திலேயே நின்றுவிடுகிறது. வண்டி கரண்டில் மட்டும் ஓடவில்லை, பேட்டரியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுகொண்டும் ஓடுகிறது.

இப்போது பேட்டரிப் பங்கு. மாற்றுப் பேட்டரி 60,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். அது 60,000 கி.மீ. உழைக்கும், அல்லது எட்டு வருடத்தில் மூப்பு வந்து தளரும், எது முந்துகிறதோ அது. லித்தியம் பேட்டரி ஓட்டினாலும் தேயும், சும்மா நிறுத்தி வைத்தாலும் மூப்படையும். இது முக்கியம், அடிக்கோடு போட்டுக்கொள்ளுங்கள்.

பேட்டரி வண்டி பெட்ரோல் வண்டியைவிட 30,000 ரூபாய் கூடுதல் விலை என்று வைப்போம். அந்த 30,000-க்கு ஃபிளாட் வட்டி 10 சதவீதம், மூன்று வருடம் என்றால் வட்டி 9,000. ஆக முதலிலேயே 39,000 கூடுதல்.

முதல் பிள்ளை பழவேற்காட்டிலிருந்து தினம் பொன்னேரிக்கு வேலைக்குப் போய்வருகிறான். நாளுக்கு 40 கி.மீ., மாதம் 25 நாள், வருடம் 12,000 கி.மீ. பேட்டரி ஐந்து வருடத்தில் 60,000 கி.மீ. ஓடிவிடும். பேட்டரிப் பங்கு கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய், கரண்டு 16 பைசா, ஆக 1.16. பெட்ரோலைவிட 1.08 ரூபாய் மிச்சம். ஐந்து வருடத்தில் மிச்சம் 64,800. கூடுதலாகக் கொடுத்த 39,000-ஐக் கழித்தாலும் 25,800 ரூபாய் லாபம். இவன் தாராளமாக வாங்கட்டும்.

இரண்டாவது பிள்ளைக்கு வேலை பக்கத்திலேயே. நாளுக்கு 10 கி.மீ., வருடம் 3,000. எட்டு வருடத்தில் 24,000 கி.மீ. ஓட்டுவதற்குள் பேட்டரிக்கு வயதாகிவிடும். பேட்டரிப் பங்கு கிலோமீட்டருக்கு 2.50. கரண்டு குறைவாகவே ஏறும், 10 பைசா. ஆக 2.60. பெட்ரோல் 2.24-தான்! கிலோமீட்டருக்கு 36 பைசா கூடுதல், எட்டு வருடத்தில் 8,640. அதோடு முதலில் கொடுத்த 39,000. மொத்த நட்டம் 47,640 ரூபாய்.

ஒரே வண்டி. ஒருவனுக்கு லாபம், ஒருவனுக்கு நட்டம். எல்லைக்கோடு எங்கே? இந்தக் கணக்குப்படி நாளுக்கு சுமார் 20 கி.மீ. அதற்குக் குறைவாக ஓட்டுகிறவர்களுக்கு வண்டி சும்மா நிற்கும் நேரத்திலும் காசு கரைகிறது. நம் ஊரில் பாதிப் பேர் அந்தக் கோட்டுக்குக் கீழேதான்.

"சார், பேட்டரி விலை இறங்கிக்கொண்டே வருகிறது" என்று ஒரு தம்பி சொல்வான். உண்மை. 2024-இல் ஒரு யூனிட் கொள்ளளவுக்கு உலகச் சராசரி விலை 115 டாலர் அளவுக்கு இறங்கியது. ஆனால் அது தொழிற்சாலைகள் மொத்தமாக வாங்கும் விலை. உன் வண்டிக்குப் பொருந்தும் பேட்டரியை அந்தக் கம்பெனிதான் தரும், அவர்கள் சொல்வதுதான் விலை. நாளை அது 30,000-க்கே கிடைத்தால் எல்லைக்கோடு 20-லிருந்து 14 கி.மீ.க்கு இறங்கும். சந்தோஷம். அப்போதும் போட வேண்டிய கணக்கு இதுதான், எண் மட்டும் மாறும்.

இன்னொன்று. பல படங்கள் 2022-இன் விலையை வைத்துப் போட்டவை. அப்போது ஒன்றிய அரசின் ஃபேம் திட்டத்தில் ஒரு யூனிட் கொள்ளளவுக்கு 15,000 ரூபாய் மானியம், வண்டி விலையில் 40 சதவீதம் வரை. 2023 ஜூன் முதல் அது 10,000 ரூபாய், 15 சதவீதம் வரை என்று குறைந்தது. 2024 அக்டோபரில் வந்த பி.எம். இ-டிரைவ் திட்டத்தில் வண்டிக்கு 10,000-க்கு மேல் கிடையாது, அடுத்த ஆண்டு அதிலும் பாதி. மறுபக்கம், 2025 செப்டம்பர் 22 முதல் சாதாரணப் பெட்ரோல் ஸ்கூட்டருக்கு ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. பேட்டரி வண்டிக்கு 5 சதவீதம் அப்படியேதான் இருக்கிறது. அதாவது இது மானியத்தை இழந்தது, அது விலை இறங்கியது. பழைய படம் மட்டும் மாறாமல் சுற்றுகிறது.

விலையைக் கேட்கும்போதும் காது கூர்மையாக இருக்கட்டும். சார்ஜருக்குத் தனி விலை வாங்கியது அரசு விசாரணையில் தெரியவந்து, 2023-இல் பெரிய பெரிய நிறுவனங்களே வாடிக்கையாளர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தர ஒப்புக்கொண்டன. "வண்டி விலை" என்பதற்குள் என்னென்ன இருக்கிறது என்று கேட்பதில் வெட்கம் எதற்கு?

அடுத்தது நம் ஊருக்கே உரிய பங்கு. தண்ணீர்ப் பங்கு.

2023 டிசம்பர் மிக்ஜாம் புயலை மறந்திருக்க மாட்டீர்கள். பேட்டரி வண்டி விற்பவர் "ஐ.பி. 67, தண்ணீரில் முழுகினாலும் ஒன்றும் ஆகாது" என்பார். அந்தத் தரத்துக்கு என்ன பொருள் தெரியுமா? ஒரு மீட்டர் ஆழ நல்ல தண்ணீரில் அரை மணி நேரம். நம் ஊரில் தண்ணீர் அரை மணியில் வடிகிறதா? அது நல்ல தண்ணீரா, உப்புத் தண்ணீரா? 2022-இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் இயன் புயலின்போது உப்பு நீரில் மூழ்கிய மின்சாரக் கார்கள் பிறகு தீப்பிடித்தன. ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் வாழும் நாம் இதைக் கணக்கில் சேர்க்காவிட்டால் வேறு யார் சேர்ப்பார்கள்?

இன்சூரன்ஸ் இருக்கிறதே என்பீர்கள். புது வண்டிக்கு ஐந்து வருடம் கட்டாயமாக வருவது மூன்றாம் நபர் காப்பீடு. வெள்ளத்தில் உன் வண்டி கெட்டால் அது ஒரு பைசா தராது. சொந்தச் சேதத்துக்கான காப்பீடு பெரும்பாலும் முதல் வருடத்துக்கு மட்டும்தான் இருக்கும். இரண்டாம் வருடத்திலிருந்து நீங்களாகக் கட்ட வேண்டும். எத்தனை பேர் கட்டுகிறீர்கள்? மனச்சாட்சியைக் கேட்டுக்கொள்ளுங்கள். அந்தப் பிரீமியமும் அடக்க விலைதான்.

கடைசியாக, யாருமே எடுத்து வைக்காத ஒரு பங்கு. சாம்பல் பங்கு.

"புகையே இல்லாத வண்டி" என்கிறார்கள். வண்டியின் பின்னால் புகை இல்லை, சரி. கரண்டு எங்கிருந்து வருகிறது? மொட்டை மாடியில் ஏறி நின்றால் தெரியும். வல்லூரில் 1,500 மெகாவாட் அனல் மின் நிலையம். அத்திப்பட்டுப் பக்கம் வட சென்னை அனல் மின் நிலையத்தின் முதல் இரண்டு நிலைகளில் 1,830 மெகாவாட், 2024 மார்ச்சில் தொடங்கிவைத்த மூன்றாம் நிலையில் இன்னும் 800. காற்றாலையும் அணுமின்சாரமும் நம் கம்பியில் கலந்துதான் வருகின்றன, இல்லை என்று சொல்லவில்லை. ஆனாலும் நாட்டின் மின்சாரத்தில் பெரும்பங்கு நிலக்கரியில்தான்.

நியாயமாகவே கணக்குப் போடுவோம். இந்தியாவில் ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் சராசரியாக 0.7 கிலோ கரியமில வாயு வெளியாகிறது. 25 கி.மீ.க்கு வகுத்தால் கிலோமீட்டருக்கு 28 கிராம். பெட்ரோல் லிட்டருக்கு 2.3 கிலோ, 45-ஆல் வகுத்தால் 51 கிராம். ஆக, ஓட்டத்தில் புகை ஏறக்குறைய பாதியாகிறது. இது நல்ல செய்திதான். ஆனால் மிச்சப் பாதி எங்கே இறங்குகிறது? அண்ணா சாலையில் காற்று சுத்தமாகும், சாம்பல் கொசஸ்தலை ஆற்றங்கரையில் சேரும். அந்த ஆற்றில் சாம்பல் கலந்த விவகாரம் பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது ஊரறிந்த செய்தி. ஆற்றில் இறங்கிக் கையால் இறால் பிடிக்கும் பெண்களிடம் பேட்டரி வண்டி இல்லை. ஆனாலும் அந்த வண்டியின் செலவில் ஒரு பகுதியை அவர்கள் கட்டுகிறார்கள், ரசீது கூட இல்லாமல்.

இதற்காகப் பெட்ரோலுக்கே திரும்புங்கள் என்றா சொல்கிறேன்? இல்லை. "சுத்தமான வண்டி" என்று மேடையில் பேசுகிறவர்கள், அந்த மின்சாரத்தைச் சுத்தமாக்கும் செலவையும் சாம்பலை அடக்கும் செலவையும் அதே மேடையில் சொல்ல வேண்டும். மானியத்துக்குக் காசு ஒதுக்கும் அரசு, ஆற்றைத் தூர்வாரவும் காசு ஒதுக்க வேண்டும். கேட்கும் உரிமை மற்ற யாரையும்விட நமக்கு அதிகம்.

கையெழுத்துப் போடுவதற்கு முன் கடையில் இந்த ஐந்து கேள்விகளைக் கேளுங்கள்.

1. சார்ஜர், பதிவு, காப்பீடு எல்லாம் சேர்த்து சாலையில் இறங்கும் விலை என்ன?
2. இன்று மாற்றுப் பேட்டரி என்ன விலை? எழுதித் தருவீர்களா?
3. வாரண்டி எத்தனை வருடம், எத்தனை கி.மீ.? கொள்ளளவு எவ்வளவு குறைந்தால் மாற்றித் தருவீர்கள்?
4. வெள்ளத்தில் மூழ்கினால் வாரண்டி உண்டா?
5. பழுது பார்க்கும் இடம் எங்கே? மீஞ்சூரிலா, பொன்னேரியிலா, சென்னைக்குத்தான் வர வேண்டுமா?

இரண்டாவது கேள்விக்கு எழுத்தில் பதில் தராத கடையில் வண்டி வாங்காதீர்கள். வலையின் விலை தெரியாமல் யாராவது கடலுக்குப் போவார்களா?

பிறகு வீட்டுக்கு வந்து மின்வாரிய பில்லை எடுத்து வையுங்கள். ஒரு மாதம் எத்தனை கி.மீ. ஓட்டினீர்கள் என்று எழுதுங்கள். மேலே நான் போட்ட எண்களுக்குப் பதில் உங்கள் எண்களைப் போடுங்கள். விடை லாபம் என்று வந்தால் மகிழ்ச்சியாக வாங்குங்கள், முதல் வாழ்த்து என்னுடையது. நட்டம் என்று வந்தால் விளம்பரத்துக்கு வெட்கப்பட்டு வாங்காதீர்கள்.

கணக்கில் சந்தேகம் இருந்தால் கீழே எழுதுங்கள். திருத்தித் தருகிறேன். சிவப்பு மை இன்னும் தீரவில்லை.

அன்புடன்,
உங்கள் பழைய வாத்தியார்