பாலை இரவுக்கு எவ்வளவு வெளிச்சம் வேண்டும்?

டிசம்பர் பிறந்துவிட்டால் அமீரகத்தில் வாழும் நம் குடும்பங்களுக்குப் பாலைவனம் நினைவுக்கு வந்துவிடுகிறது. இரண்டு மூன்று குடும்பங்கள் சேர்ந்து கூடாரம், அடுப்பு, சோற்றுச் சட்டி, தொழுகை விரிப்பு என அனைத்தையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு மலீஹா பக்கமோ அல் குத்ரா பக்கமோ புறப்படுகிறோம். உப்பு முதல் ஊறுகாய் வரை பட்டியல் எழுதுபவர்கள்கூட விளக்கைப் பற்றி மட்டும் யோசிப்பதில்லை. கடையில் இருப்பதிலேயே பிரகாசமானதை வாங்கினால் போதும் என்பதே நம்முடைய கணக்கு. அந்தக் கணக்கு பிழையானது என்று நான் கருதுகிறேன்.

சென்ற ஆண்டு நேர்ந்ததைச் சொல்கிறேன். இஷா தொழுகையை முடித்துக்கொண்டு ஆண்கள் திரும்பியபோது, பெண்கள் தங்கியிருந்த கூடாரம் தொலைவிலிருந்தே ஒளிர்ந்துகொண்டிருந்தது. நான் பெருமையுடன் வாங்கிவந்த வெள்ளை எல்.ஈ.டி. விளக்கை உள்ளே தரையில் வைத்திருந்தார்கள். அதன் முன் நடமாடியவர்களின் நிழல் கூடாரத் துணி முழுவதும் ஆளுயரத்திற்கு மேல் பெரிதாக விழுந்தது. தலைத்துணியைக் களைந்து கூந்தலை முடியும் கையின் அசைவுகூடத் தெளிவாகத் தெரிந்தது. உள்ளே இருந்தவர்களோ துணிச்சுவர் தங்களை மறைத்திருப்பதாக நம்பி நிம்மதியாக இருந்தார்கள். நாங்கள் பார்வையைத் தாழ்த்திக்கொண்டு, குரல் கொடுத்து விளக்கை அணைக்கச் சொன்னோம். பர்தாவைப் பற்றி இவ்வளவு பேசும் நாம் இந்தச் சிறு விஷயத்தை எப்படி மறந்தோம் என்ற வெட்கம் எனக்கு இன்னும் தீரவில்லை.

கூடாரத்தின் உட்புறத்திற்கு 50 முதல் 100 லூமன் வரை ஒளிதரும் மஞ்சள் விளக்கே தாராளம். அதைக் கூரையின் நடுக்கொக்கியில் தொங்கவிட்டால் நிழல் பெரும்பாலும் தரையில் விழும். உடை மாற்றும் வேளையில் அதையும் அணைத்துவிட வேண்டும். சமைக்கும் இடத்திற்கு மட்டும் சற்றுக் கூடுதலான ஒளி தேவை. அங்கும் வெள்ளை விளக்கைவிட மஞ்சள் விளக்கே நல்லது. பூச்சிகள் குறைவாக வரும்.

“பிள்ளைகள் இருக்கிறார்களே, தேளும் பாம்பும் உள்ள இடமாயிற்றே?” என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான அச்சந்தான். ஆனால் கம்பத்தில் கட்டிய பெரிய விளக்கு கண்ணைக் கூசச் செய்து, தன் வட்டத்திற்கு வெளியே உள்ள இருளை மேலும் அடர்த்தியாக்குகிறது. ஒளூச் செய்யவும் கழிப்பிடம் செல்லவும் எழும் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் வேண்டியது காலடியைக் காட்டும் ஒளி. நெற்றியில் கட்டிக்கொள்ளும் விளக்கு ஆளுக்கொன்று இருந்தால் கூடாரக் கயிற்றில் இடறி விழுவதும் குறையும். தேளுக்கு இன்னும் நல்ல வழி உண்டு. புற ஊதா ஒளி பட்டால் தேளின் உடல் பச்சையும் நீலமுமாக ஒளிரும். அத்தகைய கைவிளக்கை ஏந்தி, படுக்கை விரிக்கும் முன் ஒருமுறை சுற்றிவந்தால் போதும். எங்கள் பிள்ளைகள் இந்தப் பணிக்காகச் சண்டையே போடுகிறார்கள்.

பக்கத்துக் கூடாரத்தாரையும் நினைக்க வேண்டும். நள்ளிரவு வரை நம் விளக்கு அவர்கள் முகத்தில் அடித்துக்கொண்டிருந்தால், அண்டை வீட்டார் உரிமை என்று நாம் கேட்ட பயான்களுக்கு என்ன பொருள்?

நெருப்பு விளக்கையும் கரி அடுப்பையும் கூடாரத்திற்குள் எந்தக் காரணத்திற்காகவும் கொண்டுசெல்லக் கூடாது. மதீனாவில் ஒரு வீடு இரவில் எரிந்துபோனபோது, நெருப்பு மனிதருக்குப் பகை என எச்சரித்து, உறங்கும் முன் அதை அணைத்துவிடுமாறு நபி (ஸல்) அவர்கள் பணித்த செய்தி ஸஹீஹுல் புகாரியில் இருக்கிறது. 1997ஆம் ஆண்டு ஹஜ்ஜின்போது மினாவின் கூடாரங்களில் பற்றிய தீ 343 ஹாஜிகளின் உயிரைக் கொண்டுபோனது. அதன் பிறகே அங்கே தீப்பற்றாத கூடாரங்கள் நிலையாக அமைந்தன. கரியடுப்பின் ஆபத்து கண்ணுக்கே தெரியாது. அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை. தூங்குகிறவரைத் தூக்கத்திலேயே கொன்றுவிடும்.

இத்தனைக்கும் மேலாக நான் குறைந்த ஒளியை விரும்புவதற்கு வேறொரு காரணம் உண்டு. வெளிச்சத்திலிருந்து விலகிய கண் இருளுக்கு முழுமையாகப் பழக அரை மணி நேரம் வரை ஆகும். ஒரு வெள்ளை விளக்கு ஒரு கணம் மின்னினாலும் அந்தப் பழக்கம் கலைந்துவிடும். மங்கிய சிவப்பு ஒளியில் அவ்வளவாகக் கலையாது. அன்று எல்லா விளக்குகளையும் அணைத்த பின், விசா எடுத்து ஊரிலிருந்து வந்திருந்த என் வாப்பா ஃபஜ்ருக்கு வெகுநேரம் முன்பே எழுந்து கிழக்கு நோக்கி அமர்ந்திருந்தார். நானும் போய் அமர்ந்தேன். முதலில் அடிவானத்திலிருந்து மேல்நோக்கி ஒரு மங்கிய ஒளித்தூண் நின்றது. “இது ஸுப்ஹு காதிப், இன்னும் வக்து ஆகவில்லை” என்றார். நெடுநேரங்கழித்து அடிவானத்தின் அகலம் முழுவதும் ஒரு வெண்கோடு படர்ந்தது. மதரஸாவில் ஓதிய ஸுப்ஹு ஸாதிக்கை நாற்பது வயதில், கைபேசிச் செயலியின் துணையின்றி, முதன்முறையாகக் கண்ணால் பார்த்தேன். வாப்பா எழுந்து பாங்கு சொன்னார்.

இவ்வாண்டும் புறப்படுகிறோம், இன்ஷா அல்லாஹ். இரண்டு மஞ்சள் விளக்குகள், ஆளுக்கொரு நெற்றி விளக்கு, தேளுக்கான கைவிளக்கு ஆகியவற்றை எடுத்து வைத்தாயிற்று. அந்தப் பெரிய வெள்ளை விளக்கு வீட்டிலேயே இருக்கிறது. மின்சாரம் தடைப்படும் நாளில் உதவும்.