திருடனுக்கு அவசரம்



வாசலில் நிறுத்திய வண்டி, விடிந்து பார்த்தால் இல்லை. இப்படி ஒரு கடிதம் வராத மாதமே நம் அலுவலகத்தில் கிடையாது. கல்யாண மண்டபம், அரசு மருத்துவமனை, ரயில்வே ஸ்டேஷன் என்று இடம்தான் மாறுகிறது. எழுதுகிறவர்களில் பலர் இன்னும் கடன் தவணை கட்டிக்கொண்டிருப்பவர்கள். வண்டி போய்விட்டது என்பதற்காகத் தவணை நிற்பதில்லை. கடைசியில் எல்லாரும் ஒரே கேள்வியில் வந்து நிற்கிறார்கள்: வண்டிக்குள் மறைவாக ஒரு கட்-ஆஃப் சுவிட்ச் வைத்துவிட்டால் திருட்டு போகாதா?

இந்த மாதம் அதையே பேசிவிடலாம்.

திருடன் பெரும்பாலும் உங்கள் வண்டிதான் வேண்டும் என்று வருவதில்லை. அந்தத் தெருவில் எது சுலபமோ அதில் கை வைக்கிறான். ஹேண்டில் லாக்கை உடைப்பதும் இக்னீஷன் ஒயரை இழுத்து இணைப்பதும் பழகிய கைக்கு நீண்ட வேலை இல்லை. மாடியில் யாராவது விளக்குப் போடுவதற்குள், தெருநாய் குரைப்பதற்குள் அவன் கிளம்பியாக வேண்டும். அவனிடம் இல்லாத ஒரே பொருள் நேரம். மறைவுச் சுவிட்ச் அதைத்தான் பிடுங்குகிறது. ஒயரைச் சேர்த்தாயிற்று, மீட்டரில் விளக்கும் எரிகிறது, எஞ்சின் மட்டும் பிடிக்கவில்லை. பெட்ரோல் இல்லையா, பிளக் போய்விட்டதா, இல்லை எங்கேயோ சுவிட்ச் இருக்கிறதா? நடுத்தெருவில் உட்கார்ந்து ஆராய்ச்சி செய்ய அவனால் முடியாது. பக்கத்து வண்டிக்குப் போய்விடுவான். அதனால் இந்தப் பக்கத்தைப் பக்கத்து வீட்டுக்காரரிடமும் காட்டிவிடுங்கள்.

யோசனை ஒன்றும் புதிதல்ல. கார்புரேட்டர் வண்டி வைத்திருந்தவர்கள் இரவில் பெட்ரோல் டேப்பை மூடிவிட்டுத்தான் படுக்கப் போவார்கள். கிளப்பிக்கொண்டு போகிறவன், கார்புரேட்டரில் மிச்சமிருக்கும் பெட்ரோல் தீர்ந்ததும் கொஞ்ச தூரத்திலேயே நின்றுவிடுவான். பிளக் கேப்பைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு சினிமாவுக்குப் போனவர்களும் உண்டு. 2020 ஏப்ரலில் பி.எஸ்.-6 விதிமுறை வந்தபின் பெரும்பாலான பைக்குகள் ஃபியூயல் இஞ்செக்‌ஷனுக்கு மாறிவிட்டன. மூடுவதற்குக் கையால் திருகும் டேப் இல்லை. அந்த வேலையைச் செய்யத்தான் இப்போது சுவிட்ச் தேவைப்படுகிறது.

கார்க்காரர்கள், "எங்கள் சாவியிலேயே சிப் இருக்கிறதே" என்பார்கள். உண்மைதான். இம்மொபிலைசர் என்ற அந்த ஏற்பாடு எவ்வளவு பெரிய காவல் என்பதை, அது இல்லாத இடத்தில் நடந்ததை வைத்துப் புரிந்துகொள்ளலாம். அமெரிக்காவில் ஹூண்டாய், கியா நிறுவனங்கள் 2011 முதல் சுமார் பத்தாண்டுகள் விற்ற பல மாடல்களில், குறிப்பாகச் சாவி போட்டுத் திருகும் விலை குறைந்த வகைகளில், இம்மொபிலைசர் வைக்கப்படவில்லை. கனடாவில் 2007-லிருந்தே அது கட்டாயம். அமெரிக்காவில் அப்படிச் சட்டம் இல்லை. 2021 வாக்கில் மில்வாக்கி நகரத்து இளவட்டங்கள் இந்த ஓட்டையைக் கண்டுபிடித்தார்கள். செல்போன் சார்ஜ் செய்யும் யு.எஸ்.பி. ஒயரின் முனையே சாவிக்குப் பதிலாகப் போதும் என்ற வீடியோ டிக்டாக்கில் பரவியது. நகரம் நகரமாகக் கார்கள் காணாமல் போயின. அந்த ஓட்டத்தில் உயிர்களும் போயின. 2023 பிப்ரவரியில் இரு நிறுவனங்களும் சுமார் 83 லட்சம் கார்களுக்கு இலவச மென்பொருள் மாற்றம் அறிவித்தன. பலருக்கு ஸ்டீயரிங் பூட்டும் கொடுத்தார்கள். இந்தச் சேதிக்கு ஏன் இவ்வளவு இடம் என்றால், நம் ஊரில் ஓடும் சாதாரண பைக்குகளில் பெரும்பாலானவை இன்றும் அதே நிலையில்தான் இருக்கின்றன. சாவி ஒரு இரும்புத் துண்டு. எஞ்சினுக்கு அதை அடையாளம் தெரியாது.

சிப் உள்ள கார் வைத்திருப்பவர்களும் நிம்மதியாக இருந்துவிட முடியாது. டயக்னாஸ்டிக் சாக்கெட் வழியாகப் புதுச் சாவியைப் பதிவு செய்துகொள்ளும் கருவிகள் திருடர் கையிலும் இருக்கின்றன. அந்தக் கருவிக்குக் காரின் கம்ப்யூட்டரோடு பேசத் தெரியும். நீங்கள் தனியாக வைத்த சுவிட்ச் கம்ப்யூட்டரின் கணக்கிலேயே இல்லாதது. அதனிடம் பேசிப் பலனில்லை.

சரி, எந்த ஒயரில் வைப்பது? இதில்தான் பலரும் அவசரப்படுகிறார்கள்.

ஸ்டார்ட்டர் ரிலேக்குப் போகும் ஒயரைத் துண்டித்தால் செல்ஃப் எடுக்காது. சுவிட்ச் பழுதானாலும் ஓடுகிற எஞ்சின் நிற்காது என்பதால் ஆபத்து குறைவு. ஆனால் கிக்கர் உள்ள பைக்கில் இது பயன்படாது. கியர் மாற்றி ஓட்டும் காரையும் தள்ளி ஸ்டார்ட் செய்துவிடலாம். ஃபியூயல் பம்ப்பை நிறுத்தினால், குழாயில் இருக்கும் பெட்ரோலில் எஞ்சின் ஒரு கணம் பிடித்துவிட்டு அணைந்துபோகும். திருடனை அதிகம் குழப்புவது இதுதான். ஆனால் இதில் மலிவான சுவிட்சும் அரைகுறை முறுக்கலும் இருந்தால், ஹைவேயில் குலுங்கும்போது இணைப்பு விட்டு எஞ்சின் அப்படியே நிற்கும். காரில் அந்த நேரம் ஸ்டீயரிங் கனத்துப்போகும், பிரேக் சில மிதிகளிலேயே இறுகிவிடும். திருடனுக்கு வைத்த பொறியில் நாமே விழக்கூடாது.

பம்ப்புக்குப் போகும் கரண்ட் பல ஆம்பியர். அதைச் சின்னச் சுவிட்ச் வழியாக நேரடியாகக் கொண்டு போகாமல், ரிலேயின் காயிலுக்குப் போகும் மெல்லிய கரண்டைத் துண்டிப்பதே முறை. ஒயரை முறுக்கி டேப் சுற்றாமல் சால்டர் செய்து ஸ்லீவ் போடச் சொல்லுங்கள். பைக்கில் மழைத்தண்ணீர் புகாத சுவிட்சாக இருக்கட்டும். தனியாக ஒயர் இழுத்தால் அதற்கு ஒரு பியூஸும் வேண்டும். காரில் மஞ்சள் உறை போட்ட ஏர்பேக் ஒயர், ஏ.பி.எஸ். ஒயர் பக்கம் யாரும் கை வைக்கக்கூடாது. மின்சார வண்டியின் ஆரஞ்சு நிற ஒயர்கள் உயர் மின்னழுத்தம். அந்த வண்டிகளில் இந்த வேலையே வேண்டாம். வாரன்டி முடியாத வண்டியில் ஒயரை வெட்டினால், நாளைக்கு மின்சாரப் பழுது எது வந்தாலும் கம்பெனி உங்களைத்தான் கைகாட்டும். முதலில் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

சுவிட்சின் விலை ஒரு சினிமா டிக்கெட்டுக்குள் அடங்கும். அதன் உண்மையான மதிப்பு ஒளித்து வைத்திருக்கும் இடத்தில் இருக்கிறது. சீட்டுக்கு அடியில், டாஷ்போர்டுக்குக் கீழே இடது ஓரத்தில் என்று எல்லாரும் வைக்கிற இடத்தில் வைத்தால் திருடன் முதலில் தடவிப் பார்ப்பதும் அங்கேதான். சாவி போட்டுவிட்டு இயல்பாக உங்கள் கை போகக்கூடிய, ஆனால் பார்க்கிறவனுக்கு எதுவும் தெரியாத இடம் வேண்டும். அந்த இடத்தைத் தெரிந்த இன்னொருவர் எப்போதும் உண்டு: அதை வைத்துக் கொடுத்த எலெக்ட்ரீசியன். ஆகவே பல வருஷம் பழகிய கடைக்குப் போங்கள். வாட்டர் வாஷுக்கும் வேலட் பார்க்கிங்குக்கும் கொடுக்கும்போது சுவிட்சை ஆன் செய்தே கொடுத்துவிடுங்கள், விளக்கம் வேண்டாம். பெருமையாக நண்பர்களிடம் சொல்லிக் காட்டுவதும் வேண்டாம். ஆனால் வீட்டில் வண்டி ஓட்டத் தெரிந்த இன்னொருவருக்குக் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும். நள்ளிரவில் அப்பாவுக்கு நெஞ்சு வலி என்று கிளம்பும்போது, வெளியூரில் இருக்கும் உங்களுக்கு போன் போட்டுச் சுவிட்சைத் தேடுகிற நிலை வரக்கூடாது.

இதையெல்லாம் விடக் கஷ்டமானது பழக்கம். சுவிட்ச் வைத்த முதல் வாரம் எல்லாரும் ஒழுங்காக அணைப்பார்கள். பிறகு "அஞ்சு நிமிஷ வேலைதானே" என்று ஆரம்பிக்கும். அந்த அஞ்சு நிமிஷம்தான் திருடனுக்கும் தேவை. சைடு ஸ்டாண்ட் போடுவதுபோல, கை தானாகவே செய்கிற காரியமாக ஆகும்வரை சுவிட்ச் வண்டியில் இருந்தும் இல்லாததுதான்.

சுவிட்சின் எல்லையையும் சொல்லிவிட வேண்டும். இரண்டு பேர் சேர்ந்து பைக்கைக் குட்டியானை வேனில் தூக்கி ஏற்றினால் சுவிட்ச் என்ன செய்யும்? ஒருவன் உட்கார, இன்னொருவன் பின்னால் வேறு வண்டியிலிருந்து காலால் தள்ளிக்கொண்டு போவதும் நாம் பார்க்காததா? ஆகவே ஹேண்டில் லாக், டிஸ்க் லாக், முடிந்தால் தூணோடு சேர்த்து ஒரு சங்கிலி, வெளிச்சமான இடம் எல்லாம் வேண்டும். கண்ணுக்குத் தெரியும் பூட்டு அவனைத் தயங்க வைக்கும். தெரியாத சுவிட்ச் மிச்ச நேரத்தைத் தின்னும்.

அதையும் மீறிப் போய்விட்டால்? இன்சூரன்ஸ் பாலிசியை இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். தேர்ட் பார்ட்டி மட்டும் போட்டிருந்தால் திருட்டுக்குப் பைசா வராது. சொந்தச் சேதமும் சேர்ந்த பாலிசி வேண்டும். இரண்டு சாவிகளையும் கம்பெனி கேட்கும் என்பதால் மாற்றுச் சாவியைப் பத்திரப்படுத்துங்கள். போலீஸில் உடனே எஃப்.ஐ.ஆர். பதிவு செய்யுங்கள், கம்பெனிக்கும் அன்றே எழுத்தில் தெரிவியுங்கள். எஃப்.ஐ.ஆர். உடனே போட்டிருந்தும், கம்பெனிக்குச் சொல்லத் தாமதமானது என்ற ஒரே காரணத்துக்காக இழப்பீட்டை மறுக்கக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2020 ஜனவரியில் தீர்ப்பளித்திருக்கிறது. திருடு போன ஒரு டிராக்டர் சம்பந்தப்பட்ட வழக்கு அது. சட்டம் நம் பக்கம் இருக்கிறது என்றாலும், டிராக்டரைப் பறிகொடுத்தவர் உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்ததே, அதை யோசித்தால் ஒரு சின்னச் சுவிட்சுக்கும் ஐந்து நொடிப் பழக்கத்துக்கும் மதிப்பு கூடிவிடுகிறது.

உங்கள் ஊரில் வண்டியைக் காப்பாற்ற என்னென்ன உபாயங்கள் செய்கிறார்கள் என்று எழுதுங்கள். நல்லவற்றை அடுத்த இதழில் வெளியிடுவோம். ஒரே ஒரு வேண்டுகோள்: உங்கள் வண்டியில் சுவிட்ச் எங்கே இருக்கிறது என்பதை மட்டும் எங்களுக்கும் எழுத வேண்டாம்.

அன்புடன்,
ஆசிரியர்