அச்சில் வந்தால் வேதமா?

பெருமுக்கல் மலைக் குகையிலுள்ள பழங்காலக் கற்கீறல்களைச் சீதையோடு முடிச்சுப்போட்டுக் கதை சொன்னால், "ஆதாரம் என்ன?" என்று நம் தோழர்கள் கேட்கிறார்கள். மெத்தச் சரி. ஆனால் "ஆராய்ச்சிப் பத்திரிகையில் வந்திருக்கிறது" என்று ஒருவர் சொல்லிவிட்டால் மட்டும் ஏன் வாய்மூடி நிற்க வேண்டும்?

ஐதராபாத் ஓமிக்ஸ் கம்பெனியார், நிபுணர்கள் பரிசீலித்த பிறகே கட்டுரைகளைப் பிரசுரிப்பதாகப் பறைசாற்றினார்கள். பரிசீலனையோ பல கட்டுரைகளுக்குப் பெயரளவுகூட இல்லை. கட்டணத்தை முதலில் மறைத்துப் பின்னால் கேட்டார்கள். சம்மதமில்லாமலே அறிஞர்களின் பெயர்களை ஆசிரியர் குழுவில் போட்டுக்கொண்டார்கள். 2019ல் அமெரிக்கக் கோர்ட்டு 5 கோடி டாலருக்கு மேல் கட்டச் சொல்லித் தீர்ப்பளித்தது. தட்சிணை வாங்கிக்கொண்டு மோட்சம் கொடுப்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

வாங்குகிறவன் இருப்பதால்தானே விற்கிறான்? கட்டுரைகளை எண்ணி உத்தியோக உயர்வு கொடுத்தால் போலிச் சரக்கு குவியாமல் என்ன செய்யும்? பல்கலைக்கழக மானியக் குழு 2018ல் தன் ஜாபிதாவிலிருந்து 4,305 பத்திரிகைகளை நீக்கிற்று. பிறகு வேறு ஜாபிதா போட்டு, 2025ல் அதையும் கைவிட்டு, தரம் பார்க்கும் வேலையைக் கல்லூரிகளிடமே விட்டுவிட்டது. வாங்குகிறவர் கையிலேயே தராசு!

நம் பிள்ளைக்கு டாக்டர் எழுதும் மருந்து இப்படிப்பட்ட காகிதத்தை நம்பியதாக இருந்தால் யார் ஜவாப்தாரி? ஆகவே கேட்கிறோம்: கட்டுரைகளை எண்ணாதீர்கள், படித்துப் பார்த்து உயர்வு கொடுங்கள், பரிசீலித்தவர் எழுதிய குறிப்பையும் கட்டுரையோடு அச்சிடுங்கள்.