திருப்பி ஓட்டாதீர்கள்

எங்கள் லீக்கில் சீசனின் கடைசி வாரம் வந்துவிட்டால் சாப்பாட்டு மேசைக்கு என் கொப்பியும் வந்துவிடும். மகன் ஐந்தாம் வகுப்பில் பாதியில் விட்ட கணக்குக் கொப்பி அது. அதன் பின்பக்கத்திலிருந்து நான் எழுதி வருகிறேன். பிளேஓஃபின் முதல் சுற்றில் யாருக்கு யார், வெல்வது யார், எத்தனை ஆட்டத்தில், எவ்வளவு நிச்சயம் என்று பக்கத்துக்கு நான்கு கட்டம். அந்த நான்காவது கட்டத்தை எங்கள் லீக்கில் வேறு ஒருவரும் நிரப்புவதில்லை. நிரப்ப வேண்டும் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

லீக் எது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். 2020 மார்ச் 12ஆம் திகதி கொரோனாவால் என்எச்எல் ஐஸ் ஹொக்கி சீசன் நின்றது. வீட்டுக்குள் அடைபட்ட என் மகனும் அவன் கூட்டாளிகளும் கணினியில் ஒரு லீக் தொடங்கினார்கள். ‘ஈஸ்ட்சைட் ஹொக்கி மனேஜர்’ என்ற விளையாட்டு. பின்லாந்துக்காரர் ரிஸ்டோ ரேமெஸ் உருவாக்கியது. அதில் நாங்கள் பக் என்ற வட்டை அடிப்பதில்லை, அணியை நடத்துகிறோம். ஆளை வாங்குகிறோம், மாற்றுகிறோம், யார் யாரோடு சேர்ந்து பனியில் இறங்குவது என்று லைன் போட்டு அனுப்புகிறோம். ஆட்டத்தைக் கணினி ஆடிவிடும். ஒவ்வொரு வீரருக்கும் சறுக்கும் வேகம், பாஸ் கொடுக்கும் திறமை என்று 1 முதல் 20 வரை எண்கள் உண்டு. பெரிய ஆட்டங்களில் ஒருவர் எப்படி ஆடுவார் என்பதற்கும் ஓர் எண் உண்டு. அது எங்கள் கண்ணுக்குத் தெரியாது.

என்எச்எல் அணிகளில் கொலம்பஸை எடுத்திருந்த பையன் இரண்டாம் மாதமே விட்டுப் போனான். “அம்மா, நீங்க எடுக்கிறீங்களா? லைன் மட்டும் அனுப்பினாக் காணும்” என்றான் மகன். அவனை விடிய ஆறு மணிப் பயிற்சிக்கு ஸ்காபரோவில் ஏழு குளிர்காலம் ஏற்றி இறக்கி, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் கை விறைக்க நின்றவள் நான். உடனே எடுத்துக்கொண்டேன். இப்போது 14 பேர் இருக்கிறோம், மிச்ச அணிகளைக் கணினி நடத்துகிறது. மற்றப் பிள்ளைகளுக்கு நான் ‘அன்ரி’. இரவு ஒன்பதரைக்கு லீக்கை நடத்தும் தம்பி பொத்தானை அமத்துவார். அதற்கு அரை மணி முன்னால் எனக்கு ஒரு செய்தி வரும்: “அன்ரி, லைன் அனுப்பிட்டீங்களா?”

யாருக்கு யார் என்பதுதான் முதல் கட்டம். வெளியே நின்று பார்ப்பவர்கள் இதை ஒரு வேலையாகவே நினைப்பதில்லை, புள்ளிப் பட்டியலைப் பார்த்தால் தெரியாதா என்பார்கள். தெரியாது. 2013-14 சீசனிலிருந்து என்எச்எல் வைத்திருக்கும் முறையையே நாங்களும் வைத்திருக்கிறோம். கிழக்கிலும் மேற்கிலும் இரண்டிரண்டு பிரிவுகள். ஒவ்வொரு பிரிவிலும் முதல் மூன்று அணிகள் நேராகப் பிளேஓஃபுக்குள்ளே. இரண்டாவதும் மூன்றாவதும் ஒன்றையொன்று சந்திக்கும். கிழக்கில் இரண்டு, மேற்கில் இரண்டு ‘வைல்ட் கார்ட்’ இடங்கள் மிச்சம். பிரிவில் முதலாவதாக வந்த இரண்டு அணிகளில் கூடிய புள்ளி எடுத்தது எதுவோ, அதற்குக் குறைந்த வைல்ட் கார்ட் அணி. ஆகவே என் எதிராளி யார் என்பதை நான் ஆடாத ஓர் ஆட்டம் தீர்மானிக்கலாம்.

இந்த முறை அதுதான் நடந்தது. கொலம்பஸ் இரண்டாவது வைல்ட் கார்ட். கடைசி இரவில் கரோலைனா வென்றால் கிழக்கில் அதுவே முதலிடம், எனக்குக் கரோலைனா வரும். அவர்களின் முதல் கோலி (கோல் காப்பவர்) முழங்கால் அடிபட்டு வெளியே இருக்கிறார். நான் எதிர்பார்த்திருந்தது அதைத்தான். மேலதிக நேரத்தில் கரோலைனா ஒரு கோல் வாங்கித் தோற்றது. இரண்டு புள்ளி கிடைக்க வேண்டிய இடத்தில் ஒன்று. மற்றப் பிரிவில் முதலாவதாக வந்த ரம்பா பேயோடு புள்ளி சமன். சமன் வந்தால் வழக்கமான 60 நிமிடத்துக்குள் வென்ற ஆட்டங்களை எண்ணுவார்கள். அதில் ரம்பா கூட. என் எதிராளி மாறிவிட்டது, கரோலைனாவுக்கும் வேறு ஆள், ஒரே கோலில் இரண்டு தொடர்கள் கலைந்தன. கொப்பியில் அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டுப் புதிதாகக் கோடு போட்டேன்.

வெல்வது யார் என்பதைக் கணிக்கும்போது நம் பிள்ளைகள் எண்களையே பார்க்கிறார்கள். முன்வரிசை எவ்வளவு, ஆள் கூடுதலாக ஆடும் பவர் பிளே எவ்வளவு என்று. நான் முதலில் பார்ப்பது கோலியை. நல்ல முன்வரிசை வீரர் ஓர் ஆட்டத்தில் 20 நிமிடமளவில்தான் பனியில் இருப்பார். கோலி 60 நிமிடமும் நிற்கிறார். அடுத்துப் பார்ப்பது அணியை நடத்தும் ஆளை. பொஸ்ரன் அணியை வைத்திருக்கும் பிள்ளை பல்கலைக்கழகத்தில் படிக்கிறார். பரீட்சை வாரத்தில் அவர் லைன் அனுப்ப மறப்பார். மறந்தால் போன ஆட்டத்து லைன் அப்படியே போகும், களைத்த கோலி திரும்பவும் இறங்குவார். கணினி நடத்தும் அணி மறக்காது. ஆனால் மூன்று ஆட்டம் தொடர்ந்து தோற்றாலும் அது பதறி எதையும் மாற்றி நான் கண்டதில்லை. இதெல்லாம் எண்ணில் வராது. பிள்ளைகளைத் தெரிந்திருந்தால் வரும்.

இவ்வளவும் பார்த்த பிறகும் கையில் மிஞ்சுவது சிறிய வித்தியாசம்தான். நான் களஞ்சியமொன்றில் கணக்கெழுதுகிறவள், இதைக் கணக்காகவே சொல்கிறேன். ஓர் அணி ஒவ்வோர் ஆட்டத்திலும் வெல்ல 55 வீத வாய்ப்பு இருக்கிறது என்று வையுங்கள். நான்கு வெற்றி எடுத்தால் முடியும் ஏழு ஆட்டத் தொடரில் அது வெல்லும் வாய்ப்பு 61 வீதம். ஒவ்வோர் ஆட்டத்துக்கும் 60 வீதம் என்றால் தொடருக்கு 71. இவ்வளவு பலம் கூடிய அணியும் பத்துத் தொடரில் மூன்றைக் கோட்டைவிடும். முதல் சுற்றில் எட்டுத் தொடர். எட்டிலும் எனக்கு 61 வீத நிச்சயம் இருந்தால், எட்டையும் சரியாகச் சொல்லும் வாய்ப்பு 2 வீதத்துக்கும் குறைவு. எட்டும் சொன்ன பிள்ளையைத் தலையில் தூக்கி வைப்பதும் நான்கு சொன்ன பிள்ளையைப் பழிப்பதும் இரண்டுமே பிழை.

ஹொக்கியில் அதிர்ஷ்டத்தின் பங்கு கொஞ்சம் கூடுதல். 2018இல் மைக்கேல் லோபஸ், கிரெகரி மத்தியூஸ், பெஞ்சமின் போமர் என்ற மூன்று புள்ளியியலாளர்கள் வட அமெரிக்காவின் நான்கு பெரிய லீக்குகளை ஒப்பிட்டு ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். என்பிஏ கூடைப்பந்துத் தொடரில் பலமான அணி வெல்லும் அளவுக்கு ஹொக்கியிலும் பலமான அணி வெல்ல வேண்டுமானால், ஏழு ஆட்டத் தொடர் பற்றாது, 51 ஆட்டத் தொடர் வேண்டும் என்றது அது. கோல் குறைந்த விளையாட்டு இது. சறுக்குக் கத்தியில் பட்டுத் திரும்பும் ஒரு பக் போதும், இரவு மாறிவிடும்.

இனி என் மனதில் கிடக்கும் விஷயத்துக்கு வருகிறேன். இரண்டு சீசனுக்கு முன்னால் எங்கள் லீக்கில் முதலிடம் வந்த அணி முதல் சுற்றில் நான்கு ஆட்டத்தில் தோற்றது. ஒன்றும் வெல்லவில்லை. அந்தத் தொடருக்கு முன் லீக் கோப்பின் பிரதி ஒன்றை எடுத்து, இரண்டு ஞாயிற்றுக்கிழமை இருந்து 20 தடவை ஓட்டிப் பார்த்திருந்தேன். 13 தடவை முதலிட அணி வென்றது, 7 தடவை தோற்றது. கொப்பியில் 65 வீதம் என்று எழுதி, 20 தடவை பற்றாது என்பதால் பக்கத்தில் ‘பத்து இங்காலை அங்காலை’ என்றும் எழுதினேன். நூறு தடவை ஓட்டினால்கூட ஐந்து வீதம் இங்காலை அங்காலை போகும். ஆக, எனக்கு அந்தத் தோல்வி அதிசயமாக இருக்கவில்லை. மூன்றில் ஒரு தடவை நடக்கிற விஷயம் நடந்திருக்கிறது.

மற்றவர்களுக்கு அப்படித் தெரியவில்லை. “கணினி எங்கேயோ பிழைச்சிட்டுது, 116 புள்ளி எடுத்த டீம் ஒரு மட்சும் வெல்லாம போகுமா?” என்று ஒருவர் கேட்டார். இரவு பதினொரு மணிக்குப் பழைய கோப்பைத் திறந்து தொடரைத் திருப்பி ஓட்டினார்கள். இந்தத் தடவை முதலிட அணி ஐந்து ஆட்டத்தில் வென்றது. அதையே முடிவாக ஏற்றார்கள். முதல் ஓட்டத்தில் வென்ற அணியை வைத்திருந்த பிள்ளைக்கு 19 வயது. ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த சீசனுக்கு வரவில்லை.

எனக்கு அது இன்னும் ஆறவில்லை. ஏனென்றால் அவர்கள் நடக்கவே நடக்காது என்று சொன்னது உண்மையான பனியில் நடந்திருக்கிறது. 2019இல் ரம்பா பே லைட்னிங் 82 ஆட்டத்தில் 62 வென்று 128 புள்ளி எடுத்தது. முதல் சுற்றில் அவர்களுக்கு வந்தது அதுவரை ஒரு தொடர்கூட வென்றிராத கொலம்பஸ். முதல் ஆட்டத்தில் ரம்பா 3-0 என்று முன்னிலை. அங்கிருந்து கொலம்பஸ் 4-3 என்று வென்று, அடுத்த மூன்றையும் வென்று தொடரை முடித்தது. அந்த வருடம் நான்கு பிரிவுகளின் முதல் அணிகளும் முதல் சுற்றிலேயே வீட்டுக்குப் போயின. 2023இல் பொஸ்ரன் 65 வெற்றி, 135 புள்ளி. என்எச்எல் வரலாற்றில் இரண்டும் சாதனை. 92 புள்ளியோடு கடைசி இடத்தில் உள்ளே வந்த புளோரிடாவிடம், 3-1 என்று தொடரில் முன்னால் நின்றும் தோற்றது. ஏழாவது ஆட்டத்தில் ஒரு நிமிடம் மிச்சம் இருக்கும்வரை பொஸ்ரன்தான் முன்னிலை. இதெல்லாம் கணினியில் நடந்திருந்தால் எங்கள் பிள்ளைகள் பழைய கோப்பைத் திறந்திருப்பார்கள்.

மகன் என்னோடு இதில் ஒத்துவருவதில்லை. “அம்மா, அது உண்மை, திருப்பேலாது. இது நாங்கள் செய்த உலகம்தானே, பிழை வந்தால் திருத்தலாம்” என்கிறான். அவன் சொல்வதில் நியாயம் இருக்கிறது. கோப்பு கெட்டுப்போனால், ஒருவர் அனுப்பிய லைன் ஏறாமல் போனால், காயப்பட்ட கோலி தவறுதலாக இறங்கிவிட்டால் திருப்பி ஓட்டத்தான் வேண்டும். ஆனால் எவை பிழை என்ற பட்டியலைப் பொத்தானை அமத்துவதற்கு முன்னால் எழுதி வைக்க வேண்டும். முடிவைப் பார்த்துவிட்டுப் பிழை தேடக் கூடாது. அப்படித் தேடினால் நமக்குப் பிடிக்காத முடிவில் மட்டும்தான் பிழை அகப்படும். முதலிட அணி நான்கு ஆட்டத்தில் வென்றிருந்தால் அன்று இரவு ஒருவராவது கோப்பைத் திறந்திருப்பாரா?

நான்காவது கட்டம் இங்கேதான் உதவுகிறது. வெல்வது யார் என்று மட்டும் எழுதுகிறவர் மனதில் அந்த அணி வென்றே முடித்திருக்கிறது, தோற்றால் உலகம் பிழைத்துவிட்டது போல அவருக்குத் தெரியும். 65 என்று எழுதுகிறவர் 35ஐயும் தன் கையால் எழுதியிருக்கிறார். தொலைக்காட்சியும் பத்திரிகையும் கூட இதைக் கவனிக்க வேண்டும். பிளேஓஃப் தொடங்க முன் கணினி விளையாட்டொன்றை ஒரே தடவை ஓட்டிவிட்டு, ‘கிண்ணம் இந்த அணிக்கே என்கிறது கணினி’ என்று போடுகிறார்கள். ஒரு தடவை ஓட்டினால் கணினி ஒன்றும் சொல்லவில்லை, ஒரு தடவை காய் உருட்டியிருக்கிறது. ஆயிரக்கணக்கில் ஓட்டி எண்ண வேண்டும். 1946இல் நோயிலிருந்து தேறிவந்த கணிதவியலாளர் ஸ்டானிஸ்லாவ் உலாம், தனியாக ஆடும் சீட்டாட்டம் எத்தனை தடவை கைகூடும் என்று யோசித்தபோது கண்டது அந்த வழியைத்தான். ‘மொன்டே கார்லோ’ என்று அதற்குப் பெயர். கணிப்பாக எழுதுவதற்குப் பல ஓட்டம், லீக்கின் முடிவுக்கு ஒரே ஓட்டம். இந்த இரண்டும் கலந்துவிடக் கூடாது.

ஒரு தடவை நடப்பதன் மதிப்பை எனக்குக் காட்டியது உண்மையான கொலம்பஸ்தான். நான் அந்த அணியை எடுத்த வருடம், 2020 ஓகஸ்ட் 11, ரொறொன்ரோவில் ஆளில்லாத அரங்கில் ரம்பாவோடு முதல் சுற்றின் முதல் ஆட்டம். பின்னேரம் தொடங்கியது ஐந்து மேலதிக நேரம் வரை போனது. கொலம்பஸ் கோலி யோனாஸ் கோர்பிசாலோ 85 அடிகளைத் தடுத்தார். என்எச்எல் அதிகாரபூர்வமாக எண்ணத் தொடங்கிய பின் ஓர் ஆட்டத்தில் அதற்கு மேல் தடுத்தவர் இல்லை. சோற்றை அடுப்பில் வைத்துவிட்டு வந்து இருந்தவள், சோறு ஆறியும் எழும்பவில்லை. 3-2 என்று தோற்றார்கள். அந்த ஆட்டத்தைத் திருப்பி ஆடச் சொன்னால் கோர்பிசாலோ என்ன சொல்லியிருப்பார் என்று நான் பலமுறை யோசித்ததுண்டு.

அந்தப் பத்தொன்பது வயதுப் பிள்ளைக்கு போன மாதம் நானே போன் எடுத்தேன். திருப்பி ஓட்டுவது பற்றிய விதியை எழுத்தில் வைத்துவிட்டோம், பட்டியலில் மூன்றே மூன்று பிழைதான் இருக்கிறது, வாரும் தம்பி என்றேன். வந்திருக்கிறார். வின்னிபெக் அணியை எடுத்திருக்கிறார். மேற்கில் முதல் சுற்றில் அவருக்கு டலஸ். டலஸ் வெல்லும், 7 ஆட்டம், 54 வீதம் என்று எழுதியிருக்கிறேன், அவரிடமும் சொன்னேன். “அப்ப எனக்கு 46 இருக்குது அன்ரி” என்றார்.

இன்று இரவு ஒன்பதரைக்கு முதல் ஆட்டங்கள். கொப்பியில் கடைசி வரி என் தொடருக்குரியது: கொலம்பஸ் – ரம்பா பே. ரம்பா பே, 6 ஆட்டம், 62 வீதம். லைன் ஏழு மணிக்கே அனுப்பிவிட்டேன்.