ஸ்பானருக்குச் சாதி தெரியாது, மதிப்பெண் போடுகிறவருக்கு?

சென்ற மாதம் ஒரு மாலை, திருப்பாதிரிப்புலியூர் ரயில் நிலையத்தில் மயிலாடுதுறை பக்கம் போகிற வண்டிக்காகக் காத்திருந்தேன். பக்கத்தில் ஒரு தம்பி உட்கார்ந்திருந்தார். மடியில் பிளாஸ்டிக் கவர், அதற்குள் சான்றிதழ்கள். சோப்புப் போட்டுக் கழுவியும் போகாத கிரீஸ் நக ஓரங்களில் இருந்தது. பேச்சுக் கொடுத்தேன். ஐ.டி.ஐ.யில் டீசல் மெக்கானிக் முடித்தவர். தனியார் பட்டறை ஒன்றில் மெக்கானிக் வேலைக்குச் செய்முறைத் தேர்வு வைத்திருக்கிறார்கள். அதை முடித்துவிட்டு ஊர் திரும்புகிறார்.

"எப்படி செஞ்சீங்க தம்பி?" என்றேன்.

"செஞ்சது நல்லாத்தாண்ணே செஞ்சேன்" என்றார். அந்த 'தான்' என்னை மேலும் கேட்க வைத்தது.

ஒரு பழைய டீசல் இன்ஜினைக் காட்டி மூன்று வேலைகள் கொடுத்திருக்கிறார்கள். டேப்பட் இடைவெளியைச் சரிசெய்ய வேண்டும். டீசல் குழாயில் அடைத்திருக்கும் காற்றை எடுக்க வேண்டும். பிறகு இன்ஜினை ஓட்டிக் காட்ட வேண்டும். முக்கால் மணி நேரம் கெடு. தம்பி ஃப்ளைவீலைக் கையால் சுற்றி, பிஸ்டனை மேலே கொண்டுவந்து, இரண்டு வால்வுகளும் மூடியிருக்கிற நிலையைப் பிடித்திருக்கிறார். லாக் நட்டைத் தளர்த்தி, பீலர் கேஜை நுழைத்து, தகடு லேசாகப் பிடித்து இழுக்கிற அளவுக்குத் திருகை வைத்து, நட்டை இறுக்கியிருக்கிறார். பிறகு பம்ப்பை அடித்து, குமிழி நிற்கும்வரை காற்றை வெளியேற்றியிருக்கிறார். இன்ஜின் ஓடியிருக்கிறது. நேரமும் மிச்சம்.

கையைத் துடைத்துக்கொண்டு நின்றவரிடம் மேற்பார்வையாளர் கேட்ட முதல் கேள்வி இது: "எந்த ஊருப்பா?"

ஊர்ப் பெயரைச் சொல்லியிருக்கிறார்.

"ஊர்லயா, காலனியிலயா?"

"காலனிதான் சார்."

"சரி, சொல்லி அனுப்புறோம்."

அவருக்குப் பின்னால் வந்த இரண்டு பேரை அங்கேயே உட்காரச் சொல்லி, சேரும் தேதியைப் பேசியிருக்கிறார்கள். அதில் ஒருவருக்கு இன்ஜின் ஓடவே இல்லை என்று தம்பி சொன்னார். நான் அங்கே இருக்கவில்லை. எனவே தம்பியின் வேலையில் குறையே இல்லை என்று இங்கே தீர்ப்பு எழுத மாட்டேன். நட்டை இறுக்கிய பிறகு இடைவெளி மாறியிருக்கிறதா என்று இன்னொரு முறை பார்க்காமல் விட்டிருக்கலாம். கருவியைத் துடைத்து வைக்காமல் இருந்திருக்கலாம். ஆனால் அப்படி ஒன்று இருந்தால் அதை யாரும் அவரிடம் சொல்லவில்லை. "என்ன தப்புன்னு சொல்லியிருந்தா அடுத்த தடவை திருத்திக்குவேண்ணே. ஊரைத்தானே கேட்டாங்க. ஊரை எப்படித் திருத்திக்கிறது?" என்றார். அந்தக் கேள்விக்காகத்தான் இந்த வாரம் இதை எழுதுகிறேன்.

கைக்கு வைக்கிற தேர்வு

செய்முறைத் தேர்வை நான் எதிர்க்கவில்லை. நம் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல தேர்வு இருக்க முடியாது என்றே நினைக்கிறேன். நேர்காணலில் ஆங்கிலம் கேட்பார்கள், உடையைப் பார்ப்பார்கள், அப்பாவின் வேலையைக் கேட்பார்கள். இன்ஜின் இதையெல்லாம் கேட்காது. சரியாகச் செய்தால் ஓடும், தவறாகச் செய்தால் நிற்கும். கழனியில் பம்ப்செட் இன்ஜின் மக்கர் செய்தால் ராத்திரியில்கூட வந்து கூப்பிடுவது நம் தெருப் பையனைத்தான். வரப்பில் உட்கார்ந்து இன்ஜினைப் பிரித்துச் சேர்க்கிற கைக்குத் திறமை உண்டு என்று ஊருக்கே தெரியும். அந்தக் கைக்குச் சம்பளமும் பதவியும் கொடுக்கிற இடத்தில்தான் தயக்கம் வருகிறது.

இந்தத் தயக்கம் பழையது. 1920-களில் பம்பாய்ப் பஞ்சாலைகளில் தலித் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் வேலை செய்தார்கள். ஆனால் கூலி அதிகமுள்ள நெசவுப் பிரிவில் அவர்களுக்கு இடமில்லை. நாடாவில் நூலைக் கோக்கும்போது வாயால் உறிஞ்ச வேண்டும். தலித் வாய் பட்ட நாடாவை மற்றவர் தொட மாட்டார்கள் என்பதே காரணம். நெய்யத் தெரியுமா என்று சோதித்துப் பார்த்து யாரும் அவர்களை மறுக்கவில்லை, சோதனைக்கே விடவில்லை. 1928-இல் பம்பாய் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் நடந்தபோது, இந்த அநீதியை நீக்குவதையும் கோரிக்கையாகச் சேர்க்க வேண்டும் என்று அண்ணல் அம்பேத்கர் வலியுறுத்தினார். தொழிலாளர் ஒற்றுமை பேசிய தலைவர்களுக்கு அது அப்போது சங்கடமாக இருந்தது.

அதே 1928-இல் நம் பக்கத்திலும் ஒரு சம்பவம். திருப்பாதிரிப்புலியூர் வழியாக அன்று வண்டி ஓட்டியது சவுத் இந்தியன் ரயில்வே கம்பெனி. நாகப்பட்டினம் முதலிய இடங்களில் இருந்த பட்டறைகளைத் திருச்சி பொன்மலைக்கு மாற்றுகிற சமயத்தில் 3,000-க்கும் மேற்பட்ட தொழிலாளர்களைக் குறைக்க கம்பெனி முடிவு செய்தது. யாரை வைத்துக்கொள்வது, யாரை அனுப்புவது என்று பார்க்கத் தொழில் திறன் தேர்வு வைத்தார்கள். தொழிலாளர்கள் மறுத்தார்கள். பத்து, இருபது ஆண்டுகள் அதே பட்டறையில் உழைத்த கைக்கு இன்றைக்கு என்ன தேர்வு என்று கேட்டார்கள். அந்த ஆண்டு ஜூலையில் தென்னிந்தியா முழுக்க ரயில் வேலைநிறுத்தம் வெடித்தது. கம்பெனியும் அரசும் சேர்ந்து அதை ஒடுக்கின. சிங்காரவேலர், முகுந்தலால் சர்க்கார் போன்றவர்கள் சிறைக்குப் போனார்கள்.

அந்தத் தொழிலாளர்கள் வேலை தெரியாமல் தேர்வுக்குப் பயந்தவர்கள் அல்லர். தேர்வை வைப்பவரும், மதிப்பெண் போடுபவரும், வெளியே அனுப்புபவரும் ஒரே ஆளாக இருந்தால் அந்தத் தேர்வு திறமையை அளக்காது என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள். தொண்ணூறு ஆண்டுகளுக்கு மேல் கடந்தும் நம் தம்பி நிற்கிற இடம் அதுதான்.

பெயரைப் பார்த்தே

"ஒரு பட்டறையில் நடந்ததை வைத்து எல்லாரையும் குறை சொல்லலாமா?" என்று கேட்பவர்கள் உண்டு. சுகதேவ் தோரட்டும் பால் அட்டவெல்லும் செய்த ஓர் ஆய்வு 2007-இல் வெளிவந்தது. பத்திரிகைகளில் வந்த தனியார் வேலை விளம்பரங்களுக்கு, ஒரே மாதிரி தகுதியுள்ள விண்ணப்பங்களைப் பெயரை மட்டும் மாற்றி அனுப்பிப் பார்த்தார்கள். உயர்சாதிப் பெயருக்கு அழைப்பு வருகிற வாய்ப்போடு ஒப்பிட்டால், தலித் பெயருக்கு அது ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்காகவே இருந்தது. அது பட்டதாரி வேலைகளில், முகம் பார்க்காமலே நடந்தது. முகம் பார்த்து, ஊர் கேட்டு ஆள் எடுக்கிற பட்டறையில் என்ன நடக்கும் என்று யூகிப்பது கடினமல்ல.

'காலனி' என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். வரவேற்கிறோம். ஆனால் பட்டறை வாசலில் அந்தச் சொல் இன்னும் கேள்வியாக நிற்கிறது. கடலூர் மாவட்டத்தில் 2011 கணக்கெடுப்பின்படி நூற்றுக்கு 29 பேர் பட்டியல் சாதியினர். மாவட்டத்தில் சிப்காட் இருக்கிறது, நெய்வேலி இருக்கிறது, துறைமுகம் இருக்கிறது, படகு இன்ஜின் பட்டறைகள் இருக்கின்றன. நூற்றில் 29 பேரின் பிள்ளைகள் இவற்றின் வாசலில் ஊர்ப் பெயர் சொல்லித் திரும்புவது அவர்களுடைய தனிப்பட்ட துக்கம் மட்டுமல்ல.

சட்டம் என்ன சொல்கிறது?

மாணவத் தம்பி, தங்கைகள் இதைக் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும்.

மத்திய அரசிலும் மத்தியப் பொதுத்துறை நிறுவனங்களிலும் கீழ்நிலைப் பணிகளுக்கு நேர்காணல் 2016 ஜனவரி 1 முதல் கிடையாது. திறன் தேர்வு வைக்கலாம். ஆனால் அது தேர்ச்சியா, இல்லையா என்று பார்ப்பதற்கு மட்டுமே. அதில் கிடைக்கும் மதிப்பெண்ணை வைத்துத் தரவரிசை மாற்றக் கூடாது. பத்து அல்லது அதற்கு மேற்பட்ட இடங்களுக்கு ஆள் எடுக்கும் தேர்வுக் குழுவில் பட்டியல் சாதி அல்லது பழங்குடியைச் சேர்ந்த உறுப்பினர் ஒருவர் இருக்க வேண்டும் என்பதும் மத்திய அரசின் விதி.

தனியார் துறையில் வேலைக்கு இடஒதுக்கீடு இல்லை. ஆனால் தொழில் பழகுநர் சட்டம் 1961 தனியாருக்கும் பொருந்தும். 30 அல்லது அதற்கு மேற்பட்டவர்கள் வேலை செய்கிற நிறுவனம் பழகுநர்களை எடுத்தே ஆக வேண்டும். அந்த இடங்களில் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் ஒதுக்கீடு தர வேண்டும் என்று 1973-இல் கொண்டுவந்த திருத்தம் சொல்கிறது. ஐ.டி.ஐ. முடித்தவருக்குப் பட்டறைக்குள் கால் வைக்கிற முதல் வாசல் இதுதான். இந்த ஒதுக்கீடு இருப்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? தெரியாதவரை எந்த நிறுவனமும் தானாக வந்து சொல்லாது.

தீண்டாமையின் பேரால் ஒருவருக்கு எந்த வேலையிலும் தடை போடுவது குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் 1955-இன்படி குற்றம். இதில் அரசு, தனியார் என்ற வேறுபாடு இல்லை. நிரூபிப்பதுதான் கடினம். "காலனியா?" என்று கேட்டவர் "சும்மா பேச்சுக்குக் கேட்டேன்" என்று சொல்லிவிடுவார். காரணத்தைச் சொல்லாமல் அனுப்புவதே அவருக்குப் பாதுகாப்பு. அதனால்தான் நம் கோரிக்கையும் அந்த இடத்தைத் தொட வேண்டும்.

ஒரு தாள் போதும்

பெரிய திட்டம் எதையும் நாம் கேட்கவில்லை. செய்முறைத் தேர்வு வைக்கிற யாராக இருந்தாலும், என்னென்ன வேலை, ஒவ்வொன்றுக்கும் எத்தனை மதிப்பெண், எவ்வளவு நேரம் என்று முன்கூட்டியே எழுதி ஒட்ட வேண்டும். தேர்வு முடிந்ததும் எதற்கு எத்தனை, எங்கே குறைந்தது என்று ஒரு தாளில் எழுதி, கையெழுத்துப் போட்டுப் போட்டியாளரிடம் ஒரு நகல் தர வேண்டும். ஊர், தெரு, சாதி விவரத்தை மதிப்பெண் போடுபவர் கேட்கக் கூடாது. முகவரி, சான்றிதழ் சரிபார்ப்பை வேறொருவர், வேறொரு மேசையில் செய்யட்டும். மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகம் நடத்துகிற வேலைவாய்ப்பு முகாம்களில் கலந்துகொள்ளும் நிறுவனங்களுக்கு இதை நிபந்தனையாக வைக்க மாவட்ட நிர்வாகம் முன்வர வேண்டும். இதற்கு என்ன செலவு ஆகும்? ஒரு தாளும் ஒரு பேனாவும்.

விடைத்தாளைப் பார்க்கிற உரிமை தேர்வு எழுதியவருக்கு உண்டு என்று 2011-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அரசு, பொதுத்துறைத் தேர்வுகளில் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் அதைக் கேட்டுப் பெறலாம். பேனாவால் எழுதியவருக்கு உள்ள நியாயம் ஸ்பானரால் எழுதியவருக்கும் வேண்டும் அல்லவா?

நம் பக்கமும் ஒன்று சொல்லியாக வேண்டும். செய்முறை வகுப்புக்கு மட்டம் போட்டுவிட்டு, பதிவேட்டைப் பார்த்து எழுதி, சான்றிதழோடு வெளியே வருகிற பிள்ளைகளும் இருக்கிறார்கள். ஒரு இன்ஜினைச் சுற்றி முப்பது பேர் நின்றால் முன்வரிசையில் இருப்பவர் கைதான் அதில் படும், அதுவும் உண்மை. பயிற்சி நிலையங்களில் போதுமான இன்ஜினும் கருவியும் கேட்டு நாம் மனுக் கொடுக்க வேண்டும். கூடவே, கிடைக்கிற ஒரு மணி நேரத்தில் முன்வரிசைக்குப் போய் நிற்கவும் பழக வேண்டும். நம் பெண் பிள்ளைகளுக்கும் இதையே சொல்கிறேன். நம் கையில் குறையிருந்தால், ஊர் கேட்பவருக்கு அது நல்ல சாக்காகிவிடும்.

சோதனைகள் இந்த மண்ணுக்குப் புதிதல்ல. அப்பரைக் கல்லில் கட்டிக் கடலில் போட்டார்கள், அவர் திருப்பாதிரிப்புலியூரில் கரையேறினார் என்று சொல்லி வளர்ந்தவர்கள் நாம். சிதம்பரத்தில் நந்தனைத் தீயில் இறங்கி வா என்றார்கள். அப்பர் கரையேறினார், நந்தன் பறையனாகத் திரும்பி வரவில்லை. நந்தனுக்கு வைத்தது தேர்வு அல்ல. நீ நீயாக உள்ளே வரக் கூடாது என்ற நிபந்தனை. அதே சிதம்பரத்தில் 1916-இல் சுவாமி சகஜானந்தர் நந்தன் பெயரில் கல்விக் கழகம் தொடங்கி, பள்ளிக்கூடம் கட்டினார். தீயில் இறங்கத் தேவையில்லை, படித்து உள்ளே போகலாம் என்பதே அவர் சொன்ன பதில். அந்தப் பள்ளியின் வழியாகப் போனவர்கள் இன்று எத்தனையோ அலுவலகங்களில் உட்கார்ந்திருக்கிறார்கள். பட்டறைகளின் வாசல்தான் பாக்கி.

வண்டி வந்தது. தம்பியின் ஊர் வழியில்தான். இறங்குவதற்கு முன் அடுத்த வாரம் இன்னோர் இடத்தில் தேர்வு இருப்பதாகச் சொன்னார். "போறீங்களா?" என்றேன். "போகாம எப்படிண்ணே, வேலை தெரியுமே" என்றார்.

அவருக்குச் சலுகை வேண்டாம். அனுதாபமும் வேண்டாம். இன்ஜின் ஓடியதா, இல்லையா? அதை மட்டும் பாருங்கள். பார்த்ததைத் தாளில் எழுதி அவர் கையில் கொடுங்கள்.