அசையும் வாழ்த்துப் படமும் உதிரும் புள்ளிகளும்

பெருநாளுக்கு இரண்டு நாள் இருக்கும்போதே எமது கையடக்கத் தொலைபேசிகளில் பிறை மின்னத் தொடங்கிவிடுகிறது. இரண்டு விரல் அகலப் பட்டை ஒன்று, பச்சைப் பின்னணி, ஓரத்தில் ஒரு விளக்கு எரிந்து அணைய, நடுவே வாழ்த்து ஓடி வந்து நின்று மறைகிறது. முன்பு யாரோ செய்ததை நாம் அனுப்பிக்கொண்டிருந்தோம். இன்று எமது வீட்டுப் பிள்ளைகளே செய்கின்றனர். "மகள் இரவெல்லாம் இதோடுதான் கிடக்கிறாள், இதில் அப்படி என்னதான் இருக்கிறது?" என்று உம்மாமார் அலுத்துக்கொள்வதையும் கேட்கிறோம். சகோதரிகளே, தையலைப் போல இதுவும் அளவும் பொறுமையும் கேட்கும் ஒரு கைவேலை. அளவு பிசகினால் சட்டை இறுக்குவது போல, இங்கே எழுத்து கெடும்.

அப்பியாசக் கொப்பியின் மூலையில் பக்கத்துக்குப் பக்கம் சிறிது மாற்றிப் படம் வரைந்து, பெருவிரலால் சடசடவென்று புரட்டி விளையாடாத பிள்ளை உண்டா? அசையும் படமும் அதுவேதான். பல நிலைப்படங்கள் ஒரே கோப்பில் அடுக்கப்பட்டிருக்கும். ஒவ்வொன்றும் எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்பது நூறில் ஒரு விநாடிக் கணக்கில் அதனுள் எழுதப்பட்டிருக்கும். புரட்டும் பெருவிரலின் வேலையைக் கணனி பார்த்துக்கொள்கிறது.

'ஜிஃப்' எனப்படும் இந்தக் கோப்பு முறையை 1987 ஜூனில் அமெரிக்காவின் கொம்பியூசேர்வ் நிறுவனம் வெளியிட்டது. அதனை உருவாக்கிய குழுவுக்குத் தலைமை தாங்கியவர் ஸ்டீவ் வில்ஹைட். இதனை 'கிஃப்' என்பதா 'ஜிஃப்' என்பதா என்று உலகமே சண்டை பிடிக்க, 'ஜிஃப்' என்பதே சரி என்று 2013இல் அவரே தீர்த்துவைத்தார். சண்டை என்னவோ நிற்கவில்லை. 1989இல் வந்த திருத்தத்தில் நேரக் கணக்கு சேர்ந்தது. படம் முடிந்ததும் மீண்டும் முதலிலிருந்து ஓடும் வசதி, 1995இல் நெட்ஸ்கேப் என்ற இணைய உலாவியின் இரண்டாம் பதிப்போடு வந்தது. அந்த உலாவிக்கான ஆதரவு 2008இல் நிறுத்தப்பட்டுவிட்டது. ஆயினும் ஓயாமல் ஓடும் ஒவ்வொரு ஜிஃப் கோப்பின் வயிற்றிலும் 'நெட்ஸ்கேப் 2.0' என்ற பெயர் இன்றும் எழுதப்படுகிறது. உங்கள் மகள் நேற்று செய்த பிறைப் படத்திலும் அது இருக்கும்.

இனி வேலைக்கு வருவோம். படம் என்பது பிக்சல் எனப்படும் சிறு கட்டங்களால் ஆனது. 400 கட்ட அகலமும் 80 கட்ட உயரமும் உள்ள பட்டையில் 32,000 கட்டங்கள். கட்டத்துக்கு ஒரு பைட் என்று வைத்தால், பத்துப் படங்களுக்கு 320,000 பைட். இதனைச் சுருக்குவதற்கு ஜிஃப் ஒரு வழி வைத்திருக்கிறது. வரிசை வரிசையாக வாசித்துக்கொண்டு போகையில், முன்னர் வந்த அதே நிறத் தொடர் மீண்டும் வந்தால் அதற்கு ஒரு குறியீட்டை மட்டும் எழுதிவிட்டு நகரும். ஆகவே ஒரே நிறம் பரந்து கிடக்கும் படம் நன்றாகச் சுருங்கும். பளபளப்பும் நிழலும் நிறைந்த படம் சுருங்காது.

ஒரு படத்தில் 256 நிறங்களுக்கு மேல் வைக்கவும் முடியாது. பிள்ளைகள் பொன்னிறம் மெல்ல மெல்லப் பச்சையில் கலப்பது போன்ற பின்னணியைத்தான் விரும்புவார்கள். நிறம் போதாதபோது கணனி என்ன செய்கிறது தெரியுமா? இரண்டு நிறப் புள்ளிகளை மாறி மாறித் தூவி, மூன்றாம் நிறம் போலத் தோன்றச் செய்கிறது. கோலமாவு தூவியது போல எங்கும் புள்ளிகள். கோப்பு பருப்பதற்கும் அது காரணம்; நான் அதிகம் கவலைப்படும் காரியத்துக்கும் அதுவே காரணம்.

அரபு எழுத்து தெரிந்த எவருக்கும் புள்ளியின் அருமை தெரியும். பா, தா, ஸா என்ற மூன்றும் ஒரே உடல்; புள்ளிகள்தாம் பிரிக்கின்றன. 'ரா'வின் மேல் ஒரு புள்ளி விழுந்தால் அது 'ஸாய்'. 'ரஹ்மத்' என்றால் அருள். அதே எழுத்துகளில் முதலாவதன் மேல் ஒரு புள்ளி கூடினால் 'ஸஹ்மத்', அதாவது நெரிசல். பெரிதாக எழுதியதைச் சுருக்கும்போது உள்ள புள்ளி கரைந்துபோகிறது. நிறத்துக்காகத் தூவும்போது இல்லாத புள்ளி வந்து உட்காருகிறது. அருளை வேண்டி அனுப்பியது நெரிசலை வேண்டியதாகப் போய்ச் சேர்ந்தால் யாரை நோவது? தமிழும் தப்பவில்லை. மெய்யெழுத்தின் புள்ளி மறைந்தால் 'பல்' என்பது 'பல' ஆகும். கொம்பின் சுழி மங்கினால் 'பேறு' என்பது 'பெறு' ஆகும்.

ஆகவே எழுத்தைப் பெரிதாக எழுதிப் பின்னர் சுருக்க வேண்டாம். பட்டை எந்த அளவோ, அந்த அளவிலேயே எழுதுங்கள். எழுத்துக்குப் பின்னால் தட்டையான ஒரே நிறம் இருக்கட்டும். ஆங்கிலப் பெரிய எழுத்தை ஐந்து கட்ட உயரத்துக்குள்ளும் அடக்கிவிடலாம். எமது 'கி' மேலே வளைகிறது, 'மு' கீழே இறங்குகிறது; அவற்றுக்கு உயரம் வேண்டும். 80 கட்டத்துக்குள் ஒரு வரி வைத்தால் கண்ணுக்கு இதம். இரண்டு வரி வைத்தால் நெருக்கம். மூன்றாவது வரி வாசிப்பதற்கல்ல.

இன்னொன்று: சில பழைய மென்பொருட்களில் அரபு எழுத்துகள் ஒன்றோடொன்று சேராமல், இடமிருந்து வலமாகத் திரும்பி நிற்கும். அந்த எழுத்தை அறியாதவர் அதனை அழகென்று எண்ணி அனுப்பிவிடுவார். முடிந்த படத்தை ஓதத் தெரிந்த ஒருவரிடம் காட்டாமல் வெளியே விடாதீர்கள்.

'கிம்ப்' என்ற இலவச மென்பொருள் இவ்வேலைக்குப் போதும். அரபையும் தமிழையும் முறையாகச் சேர்த்தும் எழுதும். அதிலே ஒவ்வொரு லேயரும் ஒரு படம். கீழே இருப்பது முதலில் ஓடும். லேயரின் பெயருக்குப் பின்னால் அடைப்புக்குறிக்குள் நேரத்தை எழுத வேண்டும். அங்கே கணக்கு ஆயிரத்தில் ஒரு விநாடி, ஆகவே மூன்று விநாடிக்கு 3000. விளக்கு அசைய நான்கு லேயர் தாராளம். வாழ்த்து நிற்கும் லேயருக்கு மூன்று விநாடி கொடுங்கள். கண்ணாடி போட்டு எழுத்துக்கூட்டி வாசிக்கும் மூத்தம்மாவுக்கும் அது வாழ்த்துத்தானே! ஜிஃப் ஆக வெளியேற்றும்போது அனிமேஷன் என்ற கட்டத்தில் குறியிட மறந்தால் அசையாத ஒற்றைப் படம்தான் கிடைக்கும். உருவங்கள் எதுவும் இதற்குத் தேவையில்லை; பிறையும் பூவேலையும் விளக்கும் போதும்.

மின்னலைப் பற்றி மட்டும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். 1997 டிசெம்பர் 16ஆம் திகதி ஜப்பானில் 'பொக்கேமொன்' தொலைக்காட்சித் தொடரில் சிவப்பும் நீலமும் சில விநாடிகள் வேகமாக மாறி மாறி மின்னின. அன்றிரவு சுமார் 685 பேர், பெரும்பாலும் பிள்ளைகள், வைத்தியசாலைகளுக்குக் கொண்டு செல்லப்பட்டனர். 2016 டிசெம்பரில் அமெரிக்கப் பத்திரிகையாளர் கேர்ட் ஐகன்வால்டுக்கு, அவர் வலிப்பு நோயாளி என்று தெரிந்தே மின்னும் படமொன்று அனுப்பப்பட, அவருக்கு வலிப்பு வந்தது. இணையத்துக்கான தராதரங்களை வகுக்கும் அமைப்பு, ஒரு விநாடிக்குள் மூன்று தடவைக்கு மேல் எதுவும் மின்னக் கூடாது என்றே 2008இல் வெளியிட்ட வழிகாட்டலில் வைத்திருக்கிறது. சிறு பட்டை திரையில் கொஞ்ச இடம்தான் பிடிக்கும், ஆபத்தும் குறைவு. ஆனால் சின்னப் பிள்ளை தொலைபேசியை மூக்கோடு ஒட்டிப் பிடித்து, இரண்டு விரலால் படத்தைப் பெருப்பித்துப் பார்க்கும். விளக்கு அரை விநாடி எரிந்து அரை விநாடி மங்கட்டும், போதும். சிவப்பு மின்னலை அடியோடு விட்டுவிடுங்கள்.

அதே வழிகாட்டல், வேறு எழுத்துகளுக்குப் பக்கத்தில் ஐந்து விநாடிக்கு மேல் தானாக அசைவதை நிறுத்திவைக்க வழி வேண்டும் என்றும் கூறுகிறது. வாசிக்க முயலும் கண்ணை ஓரத்தில் ஆடுவது இழுத்துக்கொண்டேயிருக்கும். கிம்பில் 'எப்போதும் ஓடு' என்ற குறியை எடுத்துவிட்டால், படம் ஒரு முறை ஓடிக் கடைசி லேயரில் அமைதியாக நின்றுவிடும். ஆகையால் கடைசி லேயரில் வாழ்த்து முழுமையாக இருக்க வேண்டும். முதல் லேயரிலும் அப்படியே எழுதிவிடுங்கள். அவுட்லுக் என்ற மின்னஞ்சல் மென்பொருளின் 2007 பதிப்பு போன்றவை படத்தை அசைக்கவே மாட்டா. முதல் லேயரை மட்டும் காட்டும். அது வெறும் பச்சைப் பட்டையாக இருந்தால், வெளிநாட்டிலிருக்கும் மாமாவுக்குப் பெருநாளன்று போய்ச் சேர்வதும் வெறும் பச்சைப் பட்டைதான்.